மூலாவணங்களும் வகுப்பறையும்: தேசவழமையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

1

வரலாறும் இலக்கியமும் நமது பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பதைச் சற்றே உற்றுநோக்குவோர் ஓர் உண்மையை எளிதிற் கண்டுகொள்வர். மாணவரின் கையில் இருப்பது நூலன்று; குறிப்பு. ஆசிரியர் தாம் மாணவராயிருந்த காலத்திற் பெற்ற குறிப்பை விரித்தோ சுருக்கியோ சொல்ல, மாணவர் அதனை எழுதிக்கொள்கின்றனர். பரீட்சையில் அக்குறிப்பே விடையாகத் திரும்புகின்றது. சங்க இலக்கியம் பற்றி நாற்பது பக்கங்கள் எழுதக்கூடிய மாணவர் ஒருவர் சங்கப் பாடல் ஒன்றையேனும் முழுமையாகப் படித்திராமல் இருப்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. ஒல்லாந்தர் கால நிருவாகம் பற்றிப் பத்துக் காரணங்களை வரிசைப்படுத்தக்கூடிய மாணவர், அக்காலத்து ஆவணம் ஒன்றின் ஒரு பந்தியையாவது கண்ணாற் கண்டிருப்பது அரிது.

இது வெறும் கற்பித்தல் முறை பற்றிய குறைபாடன்று. முடிந்த முடிவுகளை மட்டும் பெறுபவர், அம்முடிவுகள் எவராற் செய்யப்பட்டன, எச்சான்றுகளிலிருந்து செய்யப்பட்டன, எவை விலக்கப்பட்டன என்ற வினாக்களை எழுப்பும் ஆற்றலை இழக்கின்றார். அறிவு என்பது உற்பத்தி செய்யப்படுவது என்ற எண்ணமே அவருக்குத் தோன்றுவதில்லை. அது மேலிருந்து வழங்கப்படுவது, கீழிருப்பவர் ஏற்றுக்கொள்ளவேண்டியது. இத்தகைய கல்வி எவ்வகைச் சமூக உறவுகளுக்குப் பயிற்சியாக அமைகின்றது என்பதை விளக்கவேண்டியதில்லை.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தின்போது வரலாறு தனிப்பாடமாக இருந்த நிலை நீங்கி, சமூகக்கல்வி என்ற பாடத்தினுள் இணைந்தது. பின்னர் அது மீண்டும் தனிப்பாடமாயிற்று. பாடத்தின் பெயரும் எல்லையும் மாறின. குறிப்புச் சொல்லி எழுதுவிக்கும் முறைமை மாறவில்லை. எனவே, பாடத்திட்டத்தில் எது இடம்பெறவேண்டும் என்ற விவாதத்தோடு, வகுப்பறையில் மாணவர் எதனைக் கையில் எடுத்துப் படிக்கவேண்டும் என்ற விவாதமும் வேண்டப்படுகின்றது. இக்கட்டுரை இரண்டாவது விவாதத்தைப் பற்றியது.

2

மூலாவணம் எனும்போது, ஆராயப்படும் காலத்திலேயே, அக்காலத்து மாந்தரால், அவர்தம் தேவைகளுக்காக ஆக்கப்பட்ட சான்றினைக் கருதுகின்றோம். கல்வெட்டு, செப்பேடு, தோம்பு, உறுதி, கடிதம், நீதிமன்றப் பதிவு, பத்திரிகை, துண்டுப்பிரசுரம், குடிசன மதிப்பீட்டறிக்கை ஆகிய யாவும் இவ்வகையின. இவை பெரும்பாலும் நமக்காக எழுதப்பட்டவை அல்ல என்பதே இவற்றின் சிறப்பு. வரி அறவிடுவதற்கும், உரித்தை நிலைநாட்டுவதற்கும், கடனைக் குறித்துவைப்பதற்கும் எழுதப்பட்டவற்றை நாம் பிறிதொரு நோக்கத்துக்காகப் படிக்கின்றோம்.

இவ்விடத்தில் இரு தவறுகளை விலக்கவேண்டும். முதலாவது ஆவண வழிபாடு. பழைய தாளில் எழுதப்பட்டிருப்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடும் என்ற எண்ணம் அது. எழுத்தறிவும் எழுதுவிக்கும் அதிகாரமும் சிலரிடம் மட்டும் இருந்த சமுதாயத்தில் ஆவணங்களும் பெரும்பாலும் அச்சிலருடையனவாகவே இருக்கும். இரண்டாவது தவறு இதன் மறுதலை. ஆளும் வர்க்கத்தின் ஆவணம் ஆதலால் அதிலிருந்து ஒன்றும் பெறமுடியாது என்று தள்ளிவிடுவது. நம்மவருள் முற்போக்கு நோக்குடைய சிலரிடம் இவ்விரண்டாவது தவறு கூடுதலாகக் காணப்படுகின்றது.

இதற்கு மார்க்சின் நடைமுறையே தக்க மறுமொழியாகும். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயம் எச்சான்றுகளின் மீது கட்டப்பட்டுள்ளது என்பதை நோக்குக. பிரித்தானிய அரசின் தொழிற்சாலைப் பரிசோதகர்கள் பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கைகளே அங்கு பெருமளவிற் பயன்படுத்தப்பட்டுள்ளன. அரசு தனது நிருவாகத் தேவைக்காகத் திரட்டிய செய்திகள், அவ்வரசு எந்த உற்பத்தி முறைமையைக் காத்து நின்றதோ அதனையே அம்பலப்படுத்தும் சான்றுகளாயின. ஆவணம் மாறவில்லை, அதனிடம் கேட்கப்பட்ட வினா மாறிற்று. வகுப்பறையில் நாம் கற்பிக்கவேண்டியதும் இவ்வினாவும் வகையையே.

3

பொதுப்படப் பேசுவதிலும் ஓர் ஆவணத்தை எடுத்துக்கொண்டு விளக்குவது பயன்தரும். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை இங்கு தெரிந்துகொள்கின்றேன். இதற்குக் காரணம் உண்டு. முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, ஈடு முதலிய சொற்கள் வடபகுதி மாணவருக்குப் புதியன அல்ல. வீட்டில் நிலபுலம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அவை செவியில் விழுகின்றன. மேலும், வட மாகாணத்துத் தமிழரின் சொத்துரிமை தொடர்பாக அது இன்றும் நடைமுறையிலுள்ள சட்டமாகும். பழமையும் நிகழ்காலமும் ஒரே ஆவணத்திற் சந்திக்கின்றன.

இவ்வாவணம் தோன்றிய வரலாறே முதற் பாடமாக அமையத்தக்கது. ஒல்லாந்தரின் நீதிமன்றங்களில் சொத்து வழக்குகளைத் தீர்ப்பதற்கு உள்ளூர் வழக்காறுகள் பற்றிய தொகுப்பொன்று வேண்டப்பட்டது. ஆளுநர் சைமன்சின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்சூன் அதனைத் தொகுத்தார். அவர் 37 ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர். 1707ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொகுப்பு நிறைவேறிற்று. ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்ட அது ஜான் பைரஸ் என்பவராற் தமிழாக்கப்பட்டு, பன்னிரு முதலியார்களிடம் அவர்களது ஒப்புதலுக்காகக் கையளிக்கப்பட்டது. பிரித்தானியர் ஆட்சிக்கு வந்தபின், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்குச் சட்டவலு அளித்தனர். அவர்களது சட்டத் தொகுதிகளில் இடம்பெற்றது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பாகும்.

இவ்விவரங்களைக் கரும்பலகையில் ஒரு கோடாக வரைந்து காட்டினால் போதும். தமிழில் வாய்மொழியாக நிலவிய வழக்கு ஒல்லாந்த மொழிக்குச் சென்றது. அங்கிருந்து முதலியார்களுக்காகத் தமிழுக்கு வந்தது. பின்னர் ஆங்கிலத்துக்குச் சென்றது. இன்று மாணவர் தமிழில் வாசிக்கும் பகுதி எந்த மொழியிலிருந்து வந்ததென்ற வினா தானாகவே எழும். ‘மூல’ ஆவணம் என்று நாம் எளிதாகச் சொல்லும் ஒன்றினுள்ளும் இத்தனை கைகள் பட்டிருக்கின்றன என்பதை உணர்வது, எந்த வரைவிலக்கணத்தையும் மனனஞ் செய்வதிலும் மேலானது.

இன்னொன்றும் இங்கு கவனிக்கத்தக்கது. வழக்கு என்பது இயல்பில் நெகிழ்ச்சியுடையது. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, தலைமுறைக்குத் தலைமுறை அது வேறுபடும். எழுத்தில் வடிக்கப்பட்டதும் அது உறைந்துவிடுகின்றது. பல வழக்குகளுள் ஒன்று ‘தேசத்தின்’ வழக்காகின்றது. எவருடைய வழக்கு அந்த மதிப்பைப் பெற்றது என்பதற்கு, ஒப்புதல் அளித்தவர் முதலியார்கள் என்பதிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கின்றது. குடியானவரும், கைவினைஞரும், பெண்களும், அடிமைப்பட்டிருந்தோரும் அந்தப் பன்னிருவருள் இல்லை.

4

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாவணத்தின் தொடக்கப் பகுதியை ஒரு வகுப்பிற் படிப்பித்தேன். அவ்வனுபவத்தை இங்கு கூறுவது தற்பெருமைக்காக அன்று. அதில் நானே திருத்தம் பெற்றேன் என்பதற்காக.

நான் வகுப்புக்குச் சென்றபோது முடிவு என் கையில் இருந்தது. இது நிலவுடைமைச் சமுதாயத்தின் சட்டம். நிலவுடைமையாளரின் நலனைக் காப்பது. இதிற் பெண் அடக்கப்பட்டவள். இம்முடிவை நிறுவுவதற்கு உதவும் பகுதிகளைத் தெரிந்து, படியெடுத்துக் கொடுத்திருந்தேன். உண்மையில் நான் செய்தது என்ன? குறிப்புச் சொல்லும் பழைய முறையையே ஆவணத்தின் துணையோடு செய்தேன். ஆவணம் என் குறிப்புக்கு அலங்காரமாயிற்று.

வாசித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர் எழுந்து, முற்காலத்தில் முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் செல்லும் என்றல்லவா இதிற் கூறப்படுகின்றது, அப்படியாயின் தாய்வழியாகப் பெண்ணுக்கெனத் தனிச்சொத்து இருந்ததல்லவா என்று வினவினார். சற்றுப் பொறுத்து இன்னொன்றையும் கேட்டார். போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வழக்கு மாறி, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற வேறுபாடின்றி எதிலிருந்தும் பெண்ணுக்குச் சீதனம் கொடுக்கும் வழமை ஏற்பட்டதென்று அடுத்தே சொல்லப்படுகின்றதே, அப்படியாயின் எது ‘பழைய’ வழக்கு?

இரண்டு வினாக்களும் என் ஆயத்தத்தைக் குலைத்தன. அன்று என்னால் முழுமையாக மறுமொழி கூற முடியவில்லை. அடுத்த வகுப்பில் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தையும் கொண்டுசென்றோம். மணமான பெண்ணின் சொத்து அவளுடையதே என்று ஏற்றுக்கொள்ளும் அச்சட்டம், அசையாச் சொத்தை அவள் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டுகின்றது. இரு ஆவணங்களையும் அருகருகே வைத்தபோது மாணவர்கள் தாமாகவே ஒரு வேறுபாட்டைக் கண்டனர். உரித்து ஒன்று; ஆளுகை மற்றொன்று. சொத்து பெண்வழியாக இறங்குகின்றது. அதன்மீதான அதிகாரம் ஆணிடம் தங்குகின்றது. பெண் உரிமையாளராகவும் அதேவேளை சொத்து கைமாறும் வழியாகவும் இருக்கின்றாள்.

இது என் ஆயத்த முடிவிலும் எவ்வளவோ நுட்பமானது. ‘பெண் அடக்கப்பட்டாள்’ என்ற வாக்கியம் பொய்யன்று. ஆயின் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அவ்வாக்கியம் காட்டாது. முரண்பாட்டைப் பொருளின் உள்ளேயே தேடவேண்டும் என்பது இயங்கியலின் அரிச்சுவடி. அதனை எனக்கு நினைவூட்டியது ஒரு மாணவியின் கவனமான வாசிப்பு. மார்க்சிய ஆசிரியருக்கும் பழைமைவாத ஆசிரியருக்கும் ஒரே சோதனைதான். ஆவணம் தமது கருத்தை மறுக்க இடங்கொடுக்கின்றாரா என்பதே அச்சோதனை.

5

தேசவழமையில் அடிமைகள் பற்றிய பகுதியொன்று உண்டு. அதில் யாழ்ப்பாணச் சமுதாயத்தின் சில பிரிவினர் பெயர் குறித்து அடிமைகளாகக் கூறப்படுகின்றனர். நிலமும் மரமும் மாடும் பற்றிப் பேசும் அதே நூல், அதே தொனியில் மனிதரைப் பற்றியும் பேசுகின்றது. இப்பகுதியை வகுப்பிற் படிப்பிக்கலாமா?

பலர் வேண்டாம் என்பர். பழைய புண்ணை ஏன் கிளறவேண்டும் என்பர். இக்கூற்றின் பின்னாலுள்ள வசதியை நாம் கவனிக்கவேண்டும். மறைக்கப்படுவதால் நன்மை பெறுபவர் யார்? யாழ்ப்பாணப் பண்பாட்டின் பெருமைகளைப் பாடநூலில் நிரப்பி, அப்பெருமைக்கு உழைப்பை வழங்கியவரின் நிலையை விட்டுவிடுவது நடுநிலைமை ஆகாது. எனினும் மறுபுறத்தையும் மறக்கலாகாது. வகுப்பறை ஒரு சமுதாயக் களம். அங்கே அமர்ந்திருப்போருள் அப்பெயர்களாற் குறிக்கப்பட்டோரின் வழிவந்தவரும் இருப்பர். குறித்தவரின் வழிவந்தவரும் இருப்பர். ஆசிரியர் அப்பகுதியை ஒரு மாணவரை எழுப்பி உரக்க வாசிக்கச் செய்வாராயின், முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இழிவை அவர் மீண்டும் ஒருமுறை நிகழ்த்தியவராவார். உண்மையைச் சொல்வதும் ஒருவரை அவமதிப்பதும் ஒன்றல்ல.

எனது நடைமுறை இதுவாகும். அப்பகுதியைத் தனித்து எடுத்துக்கொள்வதில்லை. சாதிப் பெயர்களில் அன்றி, உறவில் மாணவரின் கவனத்தைக் குவிக்கின்றேன். யார் யாருக்கு என்ன வேலை செய்யவேண்டியிருந்தது? யார் யாருக்கு எதனைக் கொடுக்கவேண்டியிருந்தது? மீறினால் யார் தண்டித்தார்? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது, ‘பிறப்பால் வந்தது’ என்று கூறப்படுவது உழைப்பைக் கட்டுப்படுத்தும் ஓர் ஒழுங்காக வெளிப்படுகின்றது. அடிமைகளாகக் குறிக்கப்பட்டோர் இங்கு பேசவில்லை, பேசப்படுகின்றனர் என்பதையும் மாணவர் விரைவிற் காண்பர்.

அதன்பின் பிற்கால ஆவணங்களை வரிசையாக வைக்கவேண்டும். 1844ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனத்துக்காகப் போராடவேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. சட்டத்தில் ஒழிந்தது வாழ்க்கையில் ஏன் ஒழியவில்லை என்ற வினா இங்கு பிறக்கின்றது. நிலம் எவர் கையில் இருந்தது என்ற வினாவோடு அதனை இணைத்துப் பார்க்கும்போது, தேசவழமையின் முதற் பகுதியும் அடிமைகள் பற்றிய பகுதியும் இரு வேறு விடயங்கள் அல்ல என்பது தெளிவாகும்.

இவ்வரிசையின் பிற்பகுதியில்தான் அடக்கப்பட்டோரின் சொந்தக் குரல் எழுத்தில் ஒலிக்கத் தொடங்குகின்றது. துண்டுப்பிரசுரங்களும், கூட்டத் தீர்மானங்களும், பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதங்களும் இவ்வகையில் மிக முக்கியமான மூலாவணங்கள். கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்களையும் இங்கு பயன்படுத்தலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாவல் நிகழ்ச்சிகளின் பதிவேடு அன்று. அது குறித்த வகையில் வாழ்ந்து போராடிய மனிதர் தம் வாழ்வை எவ்வாறு உணர்ந்தனர், எவ்வாறு உருவமைத்தனர் என்பதற்கான சான்று. இவ்வேறுபாட்டை உணர்த்தாமல் இலக்கியத்தை வரலாற்றுக்கு உதாரணமாகக் காட்டுவது இரண்டுக்கும் தீங்கு விளைப்பதாகும்.

6

தேசவழமை ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. மலையகப் பாடசாலையொன்றில் இதே பணியைத் ‘துண்டு’ என்ற சிறு கடுதாசி செய்யக்கூடும். கங்காணியும் அவரது ஆட்களும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லவேண்டுமாயின், அவர்களது கடன் தொகையைக் குறித்து, அதனைச் செலுத்தினால் ஆட்கள் விடுவிக்கப்படுவர் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக்கொடுத்ததே துண்டு. புதிய தோட்டத்துத் துரை அப்பணத்தைச் செலுத்துவார். கடன் தொழிலாளரின் தலைமீது தொடரும். 1921ஆம் ஆண்டில் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு சில வரிகளுள் மனித உழைப்பு எவ்வாறு கடனாகவும் விலையாகவும் மாற்றப்பட்டது என்பதை, பெருந்தோட்டப் பொருளாதாரம் பற்றிய பல பக்கக் குறிப்பிலும் தெளிவாக இத்துண்டு காட்டும்.

தமிழிலக்கிய வகுப்புக்குச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகள் உண்டு. 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த அவர், ஏடுகள் அழிந்துகொண்டிருந்த நிலையையும், பிரதிகளைத் தேடிப் பெற்ற இடர்ப்பாட்டையும் தம் பதிப்புரைகளிற் பதிந்துள்ளார். சங்க இலக்கியம் என்றும் நம்முடன் இருந்தது என்று எண்ணும் மாணவர், அது அச்சு, கல்வி, மத்தியதர வர்க்கத்தின் எழுச்சி ஆகியவற்றோடு சேர்ந்தே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பொதுச்சொத்தாயிற்று என்பதை அங்கே காண்பர்.

7

நடைமுறைத் தடைகள் இல்லாமலில்லை. பாடத்திட்டம் நீண்டது, பாடவேளை குறுகியது, பரீட்சை நெருங்கியது. இவை மெய்யான தடைகள். ஆயினும் ஆண்டு முழுவதையும் ஆவணங்களுக்கு ஒதுக்கவேண்டுமென எவரும் கேட்கவில்லை. ஒரு தவணையில் ஓர் ஆவணம், அதிலும் ஒரு பக்கத்துக்கு மேற்படாத பகுதி, இரண்டு பாடவேளைகள் போதும். முதற் பாடவேளையில் வாசிப்பும் சொற்பொருளும், இரண்டாவதில் வினாக்கள். எழுதியவர் யார்? எவருக்காக எழுதினார்? எத்தேவை அவரை எழுதத் தூண்டிற்று? எதனை இயல்பானதென்று எண்ணி விளக்காமலே விடுகின்றார்? எவர் இங்கு இல்லை? இதனை மறுக்கவோ உறுதிப்படுத்தவோ வேறென்ன சான்று உண்டு? இவற்றுள் நான்காவது வினாவே மிகக் கடினமானது. மிகப் பயனுள்ளதும் அதுவே. ஒரு காலத்தின் கருத்துநிலை அதன் பிரகடனங்களில் அன்றி, அது விளக்கத் தேவையில்லை எனக் கருதியவற்றிலேயே ஆழமாகப் படிந்திருக்கும்.

ஆவணங்கள் கிடைப்பதில்லை என்பது மற்றொரு தடை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களுடன் ஏடுகளும் அரிய ஆவணங்களும் அழிந்தன. போர்க்காலத்து இடப்பெயர்வுகளில் வீடுகளிலிருந்த உறுதிகளும் கடிதங்களும் சிதறின. இவ்விழப்பு ஈடுசெய்ய முடியாதது. எனினும், 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் திட்டத்தின் மூலம் ஈழத்து நூல்களும் இதழ்களும் பெருந்தொகையாக மின்வடிவிற் சேர்ந்துள்ளன. எஞ்சியிருப்பவற்றுட் பல இன்னும் வீடுகளிலேயே இருக்கின்றன. தம் வீட்டிலுள்ள பழைய உறுதி ஒன்றையோ, கோயிற் கணக்கொன்றையோ, சங்கக் கூட்டக் குறிப்பொன்றையோ மாணவர் வகுப்புக்குக் கொண்டுவரும் நாளில், வரலாறு தமக்கு வெளியே நிகழ்ந்ததொன்று என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கும். அவ்வாறு வந்த கடுதாசி படியெடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுமாயின், கற்பித்தலே சேகரிப்பாகவும் அமைந்துவிடும்.

ஆவணம் எரிந்தால் இழப்பென்று அறிந்து நாம் வருந்துகின்றோம், அது நியாயமானது. எரியாமல் எஞ்சிய ஆவணம் வாசிக்கப்படாமல் கிடப்பதும் ஒருவகை இழப்பே என்பதை அதே அளவில் உணர்வதில்லை. முன்னைய இழப்பைத் தடுக்கும் ஆற்றல் நமக்கு இருக்கவில்லை. பின்னையதைத் தடுப்பது, அடுத்த தவணையில் வகுப்புக்குச் செல்லும் ஆசிரியர் ஒவ்வொருவரின் கையிலும் உள்ளது.